முந்நூறு மில்லி எங்கே போனது? ஒரு தகரத் தட்டும் ஒரு முப்படிச் சமன்பாடும்

மாடியில் மிளகாய், தக்காளி நாற்று விடுவதற்குக் கடையில் விற்கிற பிளாஸ்டிக் தட்டுகள் எங்கள் வெயிலுக்கு இரண்டு வருடம் தாங்கினால் அதிகம். அப்புறம் தூக்கினால் கையோடு ஒரு துண்டு வரும். குளியலறைக் கதவின் அடியில் அடித்தது போக மிச்சமாக ஒரு ஜி.ஐ. தகடு, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு, பரணில் கிடந்தது. 30 செ.மீ.க்கு 40 செ.மீ., 26 கேஜ், கனம் சுமார் அரை மில்லிமீட்டர். அதிலேயே ஒரு நாற்றுத் தட்டு செய்துவிடலாம் என்று தோன்றியது.

எனக்கு ஒரு கலவைக் கணக்கு உண்டு. தென்னைநார்க் கழிவு இரண்டு லிட்டர், மண்புழு உரம் ஒரு லிட்டர். மொத்தம் 3 லிட்டரையும் கொட்டி, மேலே ஸ்கேலால் வழித்தால் விளிம்போடு சமமாக நிற்கவேண்டும். தட்டே அளவாகவும் இருந்துவிட்டால் ஒவ்வொரு தடவையும் அளவு ஜாடியைத் தேடவேண்டாம் பாருங்கள்.

தகட்டின் நான்கு மூலையிலும் ஒரே அளவில் சதுரம் குறித்து, ஓரங்களை மேலே மடக்கினால் பெட்டி. எவ்வளவு உயரத்துக்கு மடக்குவது என்பதுதான் கேள்வி. உயரத்துக்கு ‘உ’ என்று பெயர் வைத்தேன், பிள்ளையார் சுழியும் போட்டது மாதிரி ஆச்சு. இரண்டு பக்கமும் உ அளவு மேலே போய்விடுவதால் அடிப்பாகம் 30 − 2உ, 40 − 2உ. 3 லிட்டர் என்பது 3000 கன செ.மீ. ஆகவே:

உ (30 − 2உ)(40 − 2உ) = 3000

பெருக்கி ஒரே பக்கம் கொண்டுவந்தால்:

4உ³ − 140உ² + 1200உ − 3000 = 0

முப்படிச் சமன்பாடு. இருபடிக்கு இருப்பதுபோல இதற்கும் சூத்திரம் உண்டு. 1545இலேயே இத்தாலியக் கணித அறிஞர் கார்டானோ அச்சிட்டுவிட்டார். ஆனால் அதை நோட்டில் எழுதி முடிப்பதற்குள் தகரம் துருப்பிடித்துவிடும். குத்துமதிப்பாக எண்களைப் போட்டுப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். மகள் பன்னிரண்டாம் வகுப்பு. சமன்பாட்டியல் பாடம் அப்போதுதான் முடிந்திருந்தது. எட்டிப் பார்த்துவிட்டு, “சும்மா ஏன்மா போட்டுப் பாக்குற? விகிதமுறு மூலத் தேற்றம் இருக்கே” என்றாள்.

நானும் கல்லூரியில் கணக்குதான் படித்தேன். பெயர் ஞாபகம் இருந்தது, உள்ளடக்கம் போயே போச்சு.

தேற்றம் சொல்வது இதுதான். கெழுக்கள் (உ-வைப் பெருக்கும் எண்கள்) எல்லாம் முழு எண்களாக உள்ள சமன்பாட்டுக்கு ஒரு பின்னம் மூலமாக, அதாவது சமன்பாட்டைச் சரியாக்கும் விடையாக, இருந்தால், அதைச் சுருக்கி எழுதும்போது மேல் எண் கடைசி மாறிலியின் (உ இல்லாமல் தனியாக நிற்கும் எண்ணின்) காரணியாகத்தான் இருக்கும். கீழ் எண் முதல் கெழுவின் காரணியாகத்தான் இருக்கும். வேறு எந்தப் பின்னத்துக்கும் அங்கே இடமில்லை. முழு எண் என்பதும் கீழே 1 உள்ள பின்னம்தானே, அதுவும் இதில் அடக்கம்.

சரி என்று 3000க்குக் காரணிகள் எழுத ஆரம்பித்தேன். 32 வந்தது. கீழ் எண்ணுக்கு 1, 2, 4. சேர்த்துப் பார்த்து, திரும்பத் திரும்ப வருவதை அடித்தால் 48 எண்கள். குறை எண்களையும் சேர்த்தால் 96. நோட்டில் ஒரு பக்கம் நிரம்பிவிட்டது. அப்புறம்தான் அவள் பேனாவை வாங்கி மேலே ஒரு கோடு போட்டாள். நான்கு கெழுவும் 4ஆல் வகுபடுகிறது, அதை முதலில் செய்யவேண்டாமா?

உ³ − 35உ² + 300உ − 750 = 0

இப்போது முதல் கெழு 1. பின்னத்துக்கே வேலை இல்லை. 750க்கு 16 காரணிகள் மட்டும். அதிலும் தகட்டின் அகலம் 30 என்பதால் உயரம் 15ஐத் தொட முடியாது. மிஞ்சியது 1, 2, 3, 5, 6, 10. ஒரு பக்கம் நிறைய எழுதியது ஆறு எண்ணாகச் சுருங்கியது. பொதுக் காரணியை முதலில் எடுத்துவிடு என்று எந்த ஆசிரியரும் நூறு தடவை சொல்லியிருப்பார். எனக்கும் சொல்லியிருப்பார்கள்.

1 போட்டால் 1064, 2 போட்டால் 1872, 3 போட்டால் 2448. 5 போட்டால் 5 × 20 × 30 = 3000. வேலை முடிந்தது. உயரம் 5 செ.மீ.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் முப்படி என்றால் மூன்று மூலம் இருக்குமே. 5ஐ வைத்துத் தொகுமுறை வகுத்தல் (கெழுக்களை மட்டும் எழுதிச் செய்கிற குறுக்கு வகுத்தல்) செய்தால் மிச்சம் உ² − 30உ + 150. இதற்கு இருபடிச் சூத்திரம் போதும்: 15 கூட்டல் அல்லது கழித்தல் √75. அதாவது 6.34, 23.66. இரண்டும் பின்னமாக எழுத முடியாத விகிதமுறா எண்கள், அதனால்தான் பட்டியலில் தலைகாட்டவில்லை. 23.66 வேடிக்கையான ஆள். அந்த உயரத்தில் மடக்கினால் அடிப்பாகத்தின் நீளமும் அகலமும் இரண்டுமே குறை எண் ஆகும். குறையும் குறையும் பெருகி நிறை ஆகி, காகிதத்தில் 3000 வந்துவிடும். பட்டறையில் வராது.

6.34 அப்படியில்லை. அது நிஜமான பெட்டி. அப்படியானால் 5 செ.மீ. உயரத் தட்டும் 6.34 செ.மீ. உயரத் தட்டும் ஒரே அளவு பிடிக்கும். மகள் நம்பவில்லை. கணக்குப் போட்டது அவள்தான், ஆனாலும் நம்பவில்லை. பழைய தினக் காலண்டர் அட்டைகள் இரண்டை 30 × 40க்கு நறுக்கி, செல்லோடேப் ஒட்டி இரண்டு பெட்டி செய்தோம். ஒன்றில் இட்லி அரிசியை விளிம்பு வரை கொட்டி ஸ்கேலால் வழித்து, அப்படியே மற்றதில் கவிழ்த்தோம். இரண்டாவது பெட்டி நிறைந்து, ஒரு அரைக் கைப்பிடி இன்னும் கேட்டது. அட்டை வயிறு தள்ளியிருந்ததுதான் காரணம். பக்கவாட்டில் புத்தகத்தை அண்டக் கொடுத்ததும் சமமாக நின்றது. நாற்றுக்கு அகலம்தான் முக்கியம், ஆகவே 5 செ.மீ. என்று முடிவு செய்தேன்.

தகட்டின் நான்கு ஓரத்திலிருந்தும் 5 செ.மீ. உள்ளே மார்க்கரால் கோடு போட்டு, தகரப் பட்டறைக்கு எடுத்துப்போனேன். அங்கே இருந்த பெரியவர் மூலைச் சதுரங்களை வெட்டவே இல்லை. “வெட்டுனா பத்தவைக்கணும்மா, மடிச்சு விட்டா தண்ணி நிக்கும்” என்று உறை மாதிரி மடித்துப் பக்கத்தோடு சாத்தி அடித்தார். கால் மணி நேரத்தில் தட்டு தயார். கூர்மையான விளிம்பு இல்லாமல், கைக்கு இதமாக, ஓரமெல்லாம் உருட்டிவிட்டது போல இருந்தது. பாராட்டிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து, அடியில் ஓட்டை போடும் முன் ஒரு சோதனை. லிட்டர் ஜாடியில் தண்ணீர் பிடித்து ஊற்றினேன். இரண்டு ஜாடி போனது. மூன்றாவது ஜாடியில் பாதிக்குக் கொஞ்சம் மேலே போனதும் தட்டு தளும்பிவிட்டது. ஜாடியில் மிச்சம் 300 மில்லி. மறுபடி ஊற்றிப் பார்த்தேன், அதே 300.

முதலில் ஜாடியைச் சந்தேகப்பட்டேன். பிறகு தட்டை வைத்த தரையை. கைப்பிடிச் சுவரின் மேல் வைத்துப் பார்த்தும் மாற்றமில்லை. கணக்கில் பிழை இருக்க முடியாது, அரிசி சாட்சி. அப்போதுதான் விளிம்பைத் தடவினேன். கைக்கு இதமாக இருந்ததே, அதற்குத்தான் விலை கொடுத்திருக்கிறேன். பெரியவர் நான்கு பக்கமும் அரை செ.மீ. தகட்டை உள்ளே மடித்து அடித்திருக்கிறார். தகரத்தில் அதைச் செய்யாமல் யாரும் கொடுக்கமாட்டார்கள், கையை அறுத்துவிடும். காலண்டர் அட்டைக்கு விளிம்பு மடிக்கத் தேவையில்லை என்பதால் எனக்கு அது தோன்றவே இல்லை.

ஸ்கேலை எடுக்கப் போனவளை மகள் தடுத்தாள். “அளக்காம சொல்லு பாப்போம், இப்ப உயரம் எவ்வளவு?”

சவாலை ஏற்றேன். விளிம்பு மடித்த பிறகு தகடு 29 × 39 ஆகிவிட்டது. பிடித்தது 2.7 லிட்டர். அதனால்:

உ (29 − 2உ)(39 − 2உ) = 2700

4உ³ − 136உ² + 1131உ − 2700 = 0

4ஆல் வகுக்கலாம் என்று ஆசையாகப் பார்த்தால் நடுவில் 1131 ஒற்றைப்படை. வகுபடாது. முதல் கெழு 4ஆகவே இருக்கப்போகிறது. அதாவது பின்னங்களும் வரும்.

2700க்கு 36 காரணிகள். கீழே 1, 2, 4. திரும்ப வருவதைக் கழித்தால் 60 எண்கள். இத்தனையையும் கையால் எழுதினால் ஏதாவது ஒன்றை விட்டுவிடுவோம் என்பதால் ஒரு வழி செய்துகொண்டேன். 2700இல் உள்ள ஒற்றைப்படைக் காரணிகளை மட்டும் முதலில் எழுதுவது: 1, 3, 5, 9, 15, 25, 27, 45, 75, 135, 225, 675. பன்னிரண்டு. ஒவ்வொன்றையும் கால், அரை, ஒன்று, இரண்டு, நான்கு மடங்காக்கினால் ஐந்து வரிசை. பன்னிரண்டு ஐந்து அறுபது. எதுவும் விடுபடாது, எதுவும் இரண்டு தடவை வராது.

குறை எண்களைத் தொடவே இல்லை. சமன்பாட்டின் குறிகள் நிறை, குறை, நிறை, குறை என்று மாறி மாறி வருகின்றன. உ குறை எண்ணாக இருந்தால் நான்கு உறுப்பும் குறையாகிவிடும், கூட்டினால் எப்படிப் பூச்சியம் வரும்? பிரெஞ்சு அறிஞர் டெகார்ட் 1637இல் சொன்ன குறிவிதி இதைவிட நுணுக்கமானது. நமக்கு இங்கே இவ்வளவு போதும்.

உயரம் 14.5க்குக் கீழே இருக்கவேண்டும். அதை வைத்து வடிகட்டினால் 24 மிஞ்சியது. இருபத்துநான்கையும் சோதிக்கவேண்டுமா? வேண்டாம். 4 போட்டால் 4 × 21 × 31 = 2604, குறைவு. 5 போட்டால் 5 × 19 × 29 = 2755, அதிகம். நடுவில் எங்கோ 2700ஐத் தாண்டியிருக்கிறது. பட்டியலில் 4க்கும் 5க்கும் இடையில் என்ன இருக்கிறது என்று தேடினேன். ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஒன்பதில் பாதி, 4.5.

இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. 4க்கும் 5க்கும் இடையில் எத்தனையோ பின்னங்கள் உண்டு. 4.3, 4.6, நான்கே மூன்றில் ஒன்று, முடிவே இல்லை. அத்தனையையும் தேற்றம் வாசலிலேயே நிறுத்திவிட்டு ஒரே ஒருவரை உள்ளே விடுகிறது. அவரைத் தொகுமுறை வகுத்தலில் சோதித்தால் போதும்:

4.5 | 4   −136   1131   −2700
      |        18   −531    2700
      | 4   −118     600         0

மீதி பூச்சியம். ஸ்கேலை வைத்துப் பார்த்தோம், நாலரை. யோசித்தால் இதற்குச் சமன்பாடே தேவையில்லை. 5 செ.மீ.இல் கோடு போட்டேன், அரை செ.மீ. விளிம்புக்குப் போனது, சுவர் நாலரை. அடிப்பாகம் மாறவில்லை, 20 × 30தான். 600 × 0.5 = 300. காணாமல்போன 300 மில்லி அந்த மடிப்புக்குள்ளே இருந்திருக்கிறது. மகள் இதை முன்பே யோசித்துவிட்டுத்தான் சவால் விட்டாள் என்று எனக்கு இப்போது வரை சந்தேகம்.

ஏன் மேல் எண் மாறிலியை வகுக்கவேண்டும் என்று அவளிடம் கேட்டேன். தேர்வுக்கு நிரூபணம் வேண்டாம் என்று அதைத் தாண்டிப் போயிருந்தாள். சேர்ந்து போட்டுப் பார்த்தோம். சுருக்கிய பின்னம் ஒன்று மூலம் என்று வைத்துச் சமன்பாட்டில் போடுவோம். கீழ் எண்ணின் கனத்தால் எல்லாவற்றையும் பெருக்கினால் பின்னம் மறைந்துவிடும். இப்போது முதல் மூன்று உறுப்புகளிலும் மேல் எண் ஒரு பெருக்கலாக உட்கார்ந்திருக்கும். கடைசி உறுப்பில் மட்டும் 2700ம் கீழ் எண்ணின் கனமும். மொத்தம் பூச்சியம் என்றால் அந்தக் கடைசி உறுப்பையும் மேல் எண் வகுத்தாகவேண்டும். பின்னம் சுருக்கியது, அதனால் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் பொதுக் காரணி இல்லை. வேறு வழியில்லாமல் 2700ஐத்தான் வகுக்கவேண்டும். இதையே மறுமுனையிலிருந்து பார்த்தால் கீழ் எண் 4ஐ வகுக்கவேண்டும். முழுசாக ஐந்து வரி. இதை ஏன் தாண்டிப் போகிறார்கள் என்றுதான் புரியவில்லை.

பின்னமே பிடிக்காதவர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு, நானும் அதைச் செய்து பார்த்தேன். செ.மீ.க்குப் பதில் மில்லிமீட்டரில் எழுதினால் எல்லாக் கெழுவும் 4ஆல் வகுபட்டு, உ³ − 340உ² + 28275உ − 675000 = 0 என்று ஆகிறது. முதல் கெழு 1, மூலம் 45, முழு எண். ஆனால் 675000க்கு 96 காரணிகள். பின்னம் போனது, பட்டியல் நீண்டது. அலகை மாற்றினால் ஆட்கள் மாறுகிறார்கள், தட்டு என்னவோ அதேதான். விளிம்பு அரை செ.மீ. இல்லாமல் 3 மில்லிமீட்டராக இருந்திருந்தால் இந்த வழிதான் சுலபம். செ.மீ.இல் தசமக் கெழுக்கள் வந்துவிடும், தேற்றம் முழு எண் கெழு கேட்கும்.

சரி, எனக்கு வேண்டியது 3 லிட்டர். இதே தகட்டை, விளிம்பு மடித்தபடியே, வேறு உயரத்தில் மடக்கினால் 3 லிட்டர் கிடைக்குமா? 2700 இருந்த இடத்தில் 3000ஐப் போட்டு மறுபடி பட்டியல். 5க்கு 2755. 6க்கு 2754. 6.25க்கு இன்னும் குறைகிறது, 7.5க்கு அதைவிடக் குறைவு. 14.5க்குக் கீழே உள்ள ஒருவரும் தேறவில்லை.

இங்கேதான் அவசரப்பட்டு “விடை இல்லை” என்று எழுதிவிடக்கூடாது. பட்டியல் முழுதும் தோற்றால், விகிதமுறு மூலம் இல்லை என்று மட்டுமே பொருள். மூலமே இல்லை என்று பொருளில்லை. உதாரணத்துக்கு, தட்டு 2.55 லிட்டர் பிடிக்கவேண்டும் என்று ஆரம்பித்திருந்தால் பட்டியலில் ஒருவர்கூடத் தேறமாட்டார். ஆனால் 3.79 செ.மீ. பக்கம் ஒரு விகிதமுறா மூலம் ஜம்மென்று உட்கார்ந்திருக்கும், தட்டும் செய்யலாம். 300 மில்லி என்று மிச்சம் ஒழுங்காக வந்தது என் அதிர்ஷ்டம்.

அதனால் 3000க்கு வேறு ஆயுதம் எடுத்தேன். வகையிடல் கணிதப்படி கொள்ளளவு உச்சம் தொடுவது உயரம் 5.49 அருகில். 5.5 என்றே போட்டால் 5.5 × 18 × 28 = 2772. அதற்கு மேல் ஏறவே இல்லை. ஆக விளிம்பு மடித்த இந்தத் தகட்டில் 3 லிட்டர் தட்டு சாத்தியமே இல்லை, விகிதமுறு ஆனாலும் சரி, விகிதமுறா ஆனாலும் சரி. மடிக்காத தகட்டுக்கே உச்சம் சுமார் 3032தான். முதலிலிருந்தே நான் விளிம்பில்தான் நின்றிருக்கிறேன், தெரியாமல்.

மறுவாரம் பட்டறைக்குப் போய் இந்தக் கதையைச் சொன்னேன், 2772 வரை. பெரியவர் பொறுமையாகக் கேட்டார். “தகடு 31க்கு 41 எடுத்திருந்தா ஓரத்துக்குப் போக முப்பது நாப்பது நின்னிருக்குமேம்மா” என்றார். மேலே ஒன்றும் சொல்லாமல் 31 × 41 ஒன்று வெட்டித் தரச் சொன்னேன். இந்தத் தடவை கோடு ஐந்தரையில்.

புதிய தட்டு மூன்று ஜாடியையும் சொட்டு மிச்சமில்லாமல் வாங்கிக்கொண்டது. ஒரு மூலையில் மட்டும் லேசாகக் கசிந்தது. எப்படியும் அடியில் ஓட்டை போடப்போகிற தட்டுதானே என்று விட்டுவிட்டேன். பழையதில் இப்போது மிளகாய் நாற்று இருக்கிறது. அதற்குக் கலவை போடும்போது ஒவ்வொரு தடவையும் ஜாடியில் 300 மில்லி மிஞ்சுகிறது. அதைக் கறிவேப்பிலைத் தொட்டியில் கொட்டிவிடுகிறேன்.